கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் அணைகிறதா? எஸ்எம்பிஎஸ் வாட் கணக்கும் கடற்கரை வீட்டுக் கோளாறுகளும்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர் தானாக அணைந்தால், கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "எஸ்எம்பிஎஸ் வாட் பத்தலை, பெருசா மாத்துங்க." எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி. அந்தத் தீர்ப்பு சில நேரம் சரி. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய வீடுகளில் பல நேரம் அது தப்பு. உப்புக்காற்று, மணலில் பிடிக்காத எர்த், ஏறி இறங்கும் லைன், சதுர அலை தரும் இன்வெர்ட்டர் என்று இந்த நான்கும் வாட் குறைந்தால் வரும் அறிகுறியையே அச்சுப் பிசகாமல் காட்டும். அப்போது 450-ஐக் கழற்றி 750 போட்டாலும் கோளாறு அங்கேயே இருக்கும். காசு மட்டும் போயிருக்கும்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காகித கிளிப். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் வரை டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடம் அது இறங்காது.

எதற்கும் முன்னால் கணக்கு

மூன்று எண் போதும்: பிராசஸர் அதிகபட்சம் இழுப்பது, கிராபிக்ஸ் கார்டு இழுப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 70 வாட்.

பிராசஸரில்தான் பலர் சறுக்குகிறார்கள். அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. இன்டெல் ஐ5-12400எஃப் டர்போவில் ஓடும்போது 117 வாட் வரை போகும். ஐ7-13700கே பெட்டியில் 125, ஓட்டத்தில் 253. ஏஎம்டி ரைசனில் 65 வாட் ரகம் பொதுவாக 88 வரையும், 105 வாட் ரகம் 142 வரையும் இழுக்கும். கிராபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170, ஆர்எக்ஸ் 6600 என்றால் 132, ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200, ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320. தனியாக பவர் கேபிள் கேட்காத கார்டு மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து மட்டும் எடுக்கிறது. அதன் உச்சவரம்பு 75 வாட்.

அந்த 70-இல் மதர்போர்டு, இரண்டு ரேம் குச்சி, ஒரு எஸ்எஸ்டி, மூன்று நான்கு ஃபேன் எல்லாம் அடங்கும். பழைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஒன்றுக்குப் பத்து வாட் கூட்டுங்கள். தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் அது 20 வாட்டுக்கு மேல் கேட்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கூட்டி வந்த தொகையோடு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேருங்கள். 12400எஃப்-உம் 4060-உம் என்றால் 117, 115, 70 ஆக 302, மூன்றில் ஒரு பங்கு 101, மொத்தம் 403. நல்ல கம்பெனி 450 வாட் தாங்கும். ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் அளவு 550. அடுத்த தடவை கார்டு மாற்றும்போது எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டாம் என்றால் 550 எடுப்பதே நல்லது. 13700கே-உம் 3080-உம் என்றால் 643, மூன்றில் ஒரு பங்கு 214, மொத்தம் 857. இங்கே 850 வாட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி மட்டும் போட்டு ஆபீஸ் வேலை, டிடிபி வேலை செய்பவருக்கு 88-உம் 70-உம் சேர்ந்து 158. எல்லாம் கூட்டினாலும் 211. அவருக்குத் தரமான 400 அல்லது 450 தாராளம். அவரிடம் 650 விற்பவர் தன் லாபத்தைப் பார்க்கிறார்.

மூன்றில் ஒரு பங்கு எதற்கு? கிராபிக்ஸ் கார்டு சீராக இழுப்பதில்லை. மில்லி விநாடிக் கணக்கில் சட்டென்று எகிறி இறங்கும். 3080, 3090 போன்ற பெரிய கார்டுகளில் இந்த எகிறல் கார்டில் எழுதிய வாட்டைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போனதுண்டு. எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, எழுதிய வாட்டைப் போல இரண்டு மடங்கு எகிறலை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருந்தால் நல்லது. இன்னொரு காரணம் நம்மூர் வெயில். எஸ்எம்பிஎஸ் எவ்வளவு குறைவாகக் கரண்டை வீணாக்குகிறது என்று பார்த்துத் தரும் 80 பிளஸ் சான்றிதழின் சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது. சித்திரையில் ஓட்டு வீட்டு மாடி அறையில் கேபினெட்டுக்குள் 45 டிகிரி சாதாரணம். 25 டிகிரியில் 500 வாட் தரும் மலிவு ரகம் அந்தச் சூட்டில் 500 தராது.

பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் ஏறும் என்ற பயம் வேண்டாம். 750 வாட் எஸ்எம்பிஎஸ் எந்நேரமும் 750 வாட் இழுக்காது. கம்ப்யூட்டர் கேட்பது எவ்வளவோ அதோடு வெப்பமாக வீணாவது கொஞ்சம், அவ்வளவுதான்.

ஸ்டிக்கரில் பார்க்க வேண்டிய கட்டம்

கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வாட் எண் பெரிய எழுத்தில் இருக்கும்; அதை விட்டுவிடுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் +12 வோல்ட் என்ற வரிசைக்கு நேரே ஆம்பியர். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இன்றைக்குக் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான் தின்கின்றன. மீதி வாட்டை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிக் கணக்கை நிரப்பியிருப்பார்கள். உங்களுக்கு அது உதவாது. ஒழுங்கான 550 வாட்டில் 12 வோல்ட் வரிசையில் 45 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும், அதாவது 540 வாட். 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்திருந்தால் இரண்டு ஆம்பியரையும் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று பக்கத்தில் தனியாகப் போட்டிருக்கும், அதுதான் கணக்கு. அதைப் போடவே இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

அறிகுறி: கேம் அல்லது ரெண்டரிங் ஓடும்போது படக்கென்று அணைகிறது

வாட் பற்றாக்குறைக்கு இதுதான் பேர்போன அறிகுறி. ஆனாலும் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணைந்த பிறகு பவர் பட்டனை அமுக்கினாலும் எழும்பவில்லை, பின்பக்க சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டால்தான் எழுகிறது என்றால், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றால் தன்னைப் பூட்டிக்கொண்டது. அதிகமாக இழுத்திருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட். அப்படியில்லாமல் அணைந்த வேகத்தில் தானே மறுபடி பூட் ஆனால், வோல்டேஜ் ஒரு கணம் சரிந்து மதர்போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது. அந்தச் சரிவு எஸ்எம்பிஎஸ்ஸாலும் இருக்கலாம், சுவரிலிருந்து வரும் லைனாலும் இருக்கலாம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்புக் குறி இருக்கும். அதைக் காட்டி "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறி சொல்வது, ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டுமே. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 விழும்.

பிரித்துப் பார்க்கும் வழி இது. பிராசஸரை மட்டும் வதைக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை இருபது நிமிடம் ஓட்டுங்கள். அதை நிறுத்திவிட்டு, கிராபிக்ஸ் கார்டை மட்டும் வதைக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பத்து நிமிடம். பிறகு இரண்டையும் சேர்த்து. ஓட்டும்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டு, வேகம் குறைந்து, அதன்பிறகு அணைந்தால் கூலரைக் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள். தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்து ஓட்டினால் விழுகிறது, வெப்பமும் அடக்கமாக இருக்கிறது என்றால் வாட்தான் காரணம் என்று முக்கால்வாசி முடிவு கட்டலாம்.

மீதிக் கால்வாசிக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். முன்பு அரை மணிக்குள் விழுந்தது இப்போது இரவு முழுக்க நிற்கிறது என்றால் கார்டும் பிழைத்தது, போர்டும் பிழைத்தது; எஸ்எம்பிஎஸ்தான் மாற வேண்டும். அது வந்து சேரும்வரை அந்த 70 சதவீதத்திலேயே வைத்து ஓட்டலாம், படத்தில் பெரிய இழப்பு தெரியாது.

இன்னும் சரியாக அளக்க வேண்டுமா? ஈபி மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்ற எண் அச்சிட்டிருக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இரண்டு சோதனையும் சேர்த்து ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மினுக்கு என்று எண்ணுங்கள். அதை 60,000-ஆல் பெருக்கி மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் வரும். எண் 3200, நிமிடத்துக்கு 20 மினுக்கு என்றால் 375 வாட். இதில் மானிட்டரும் சேர்ந்திருக்கிறது, 25 வாட் கழித்தால் 350. அதில் எஸ்எம்பிஎஸ் வீணாக்குவது போக, 85 சதவீதம் என்று வைத்தால், உள்ளே போவது 300 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. காசு கொடுத்து வாட் மீட்டர் வாங்காமலே கிடைக்கும் கணக்கு. ஆனால் இது சராசரி. மில்லி விநாடி எகிறலை இது காட்டாது.

கார்டு 8 பின் சாக்கெட் இரண்டு உள்ளதாக இருந்தால், ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை தொங்கும் ரகத்தை இரண்டிலும் செருகாதீர்கள். தனித்தனிக் கேபிள் போடுங்கள். 8 பின் ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கானது. டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் சாட்டா பவரிலிருந்து 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். 150 கேட்கும் சாக்கெட்டுக்கு 54 கொடுத்தால் பிளாஸ்டிக் உருகும், சில நேரம் தீயும் பிடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான கேபிளே இல்லையென்றால் அந்தக் கார்டுக்கு அது ஆகாது.

அறிகுறி: தண்ணீர் மோட்டார் போட்டால், பக்கத்தில் வெல்டிங் வைத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது

இதில் வாட்டுக்கு வேலையே இல்லை. விசைப்படகு வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங் மெஷின் பிடித்த நொடி, ஐஸ் கம்பெனி கம்ப்ரெசர் எழும் நொடி, வீட்டு மோட்டார் கிளம்பும் நொடி எல்லாம் லைன் இறங்கும். மல்டிமீட்டரை ஏசி 750-இல் வைத்து, வீட்டு சாக்கெட்டில் மாலை ஏழு மணிக்கு ஒரு தடவையும், மோட்டார் போடும்போது ஒரு தடவையும் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 காட்டினால் விஷயம் புரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் உள்ளீடு 200-240 என்றிருந்தால் அந்த 180-இல் அது ஓடக் கடமைப்படவில்லை. 100-240 என்று போட்ட, ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து எடுக்கும் கரண்டைத் தானே சீர்படுத்தும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். கடற்கரையில் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது வாட் எண்ணை விட இந்த வரியே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

பழைய ரகங்களில் பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கும். லோ வோல்டேஜுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பி அதை 115-க்குத் தள்ளாதீர்கள். லைன் 230-க்குத் திரும்பிய கணத்தில் வெடிச் சத்தம் கேட்கும்.

ஒரு அறையில் டியூப் மங்கி, இன்னொரு அறையில் பல்பு கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தால் அது வேறு, பெரிய ஆபத்து. நியூட்ரல் விட்டுப்போகிறது என்று அர்த்தம். கம்பத்து இணைப்பில் உப்புக்காற்று அரித்து நியூட்ரல் கழன்றால் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் வரலாம். மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். எந்த ஸ்பைக் பஸ்டரும் அதைத் தாங்காது.

அறிகுறி: கரண்ட் போனதும் யுபிஎஸ் இருந்தும் அணைகிறது

600 விஏ யுபிஎஸ் என்றால் 600 வாட் என்று நினைப்பவர் அதிகம். வழக்கமான 600 விஏ பெட்டி தருவது 360 வாட். 1 கேவிஏ தருவது பெரும்பாலும் 600 வாட். கேமில் 350 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரும் மானிட்டரும் 600 விஏ பெட்டியில் தொங்கினால், கரண்ட் போன கணத்தில் அது கீச்சென்று கத்திவிட்டு விழும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தச் சுமையில் தருவது சில நிமிடம்தான்; ஃபைலை சேவ் பண்ணி அணைக்கத்தான் அந்த நேரம்.

வாட் கணக்கு சரியாக இருந்தும் விழுகிறதா? அலையைப் பாருங்கள். மலிவு யுபிஎஸ்ஸும் பழைய வீட்டு இன்வெர்ட்டரும் தருவது சதுர அலை அல்லது படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ், சுவர் கரண்டில் வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையைப் பின்தொடர்ந்து கரண்ட் எடுக்கும்படி வடிவமைத்தது. சதுர அலையில் அது தடுமாறி ஒரேயடியாக இழுக்க, யுபிஎஸ் ஓவர்லோடு என்று கைவிரிக்கும். இன்வெர்ட்டர் மாற்றும் நேரத்தில் இழையும் "ஊம்ம்ம்" சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்தால் காரணம் இதுதான். தீர்வு ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர். அதோடு மாறும் நேரமும் முக்கியம்: ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 16 மில்லி விநாடி அளவுக்கு மூச்சைப் பிடித்து நிற்கும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் "யுபிஎஸ் மோடு" சுவிட்ச் இருந்தால் அதில் போடுங்கள். சாதாரண மோடில் மாற எடுக்கும் நேரம் இதைத் தாண்டிவிடும்.

அறிகுறி: காலையில் இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் எழுகிறது, பகலில் சரியாக இருக்கிறது

ஐப்பசி கார்த்திகை மழையிலும், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓயாமல் வீசும் மாதங்களிலும் இந்தப் புகார் கூடும். வாட் குறைந்தால் சுமையில்தான் விழும். எழும்போது முரண்டு பிடிப்பதற்குக் காரணம் வேறு. ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. இரண்டு, உப்பு.

சமையலறை உப்பு ஜாடி மழைநாளில் கசிவதுதான் கேபினெட்டுக்குள்ளும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் இழுத்துக் கரையும். கரைந்த உப்பு கரண்டைக் கடத்தும். இரவெல்லாம் அணைந்து குளிர்ந்த போர்டில் அந்த ஈரம் படிந்திருக்கும். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கி, சூடேறிக் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். டார்ச் அடித்துப் பாருங்கள்: எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூத் தலையில் பழுப்புத் துரு, ஃபேன் கம்பி வலையில் வெள்ளைப் பொடி, 24 பின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பளபளக்க வேண்டிய பின்கள் மங்கிக் கறுத்து, ஓரத்தில் பச்சைப் புள்ளி. பச்சை தெரிந்தால் அங்கே அரிப்பு தொடங்கியாகிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி மீதிக் கரண்டை இறக்குங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நைலான் பிரஷ்ஷை நனைத்து, மதர்போர்டு பக்கச் சாக்கெட், கேபிள் முனை, ரேம் விளிம்பு மூன்றையும் தேயுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் தடவும் வைத்தியம் தூசியைப் பிடித்துவைக்கும், அதுவும் வேண்டாம். செருகும்போது இரண்டு மூன்று தடவை செருகி எடுத்துப் பிறகு இறுகச் செருகுங்கள், அந்த உரசலே பாதிச் சுத்தம். ஒரு மணி நேரம் காயவிட்டுப் போடுங்கள்.

சுத்தம் செய்தும் காலை முரண்டு தொடர்ந்தால் கெப்பாசிட்டர் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். ஐந்து வருடம் தாண்டிய மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் ரிப்பேர் பார்க்காமல் மாற்றுவதே சரி. மாற்றிய பிறகு கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும். வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரைத்தான் உப்பு முதலில் தின்னும்.

அறிகுறி: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் பெட்டியோடு இணைக்கின்றன. எர்த் கம்பி வேலை செய்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் பெட்டியில் லைனில் பாதி, அதாவது 115 வோல்ட் வாக்கில் மிதக்கும். கசிவு கரண்ட் மிகக் குறைவு, ஆனால் ஈரக் காலோடு தரையில் நின்று தொட்டால் நன்றாகவே தெரியும். யுஎஸ்பி கருவிகள் கழன்று கழன்று ஒட்டுவதும், ஸ்பீக்கரில் இரைச்சல் வருவதும் இதே வகை.

சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இருபது முப்பது காட்டினால் எர்த் தளர்ந்திருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-க்குப் பக்கத்தில் வராமல் எண் அலைந்தால் எர்த் அறவே இல்லை. லைனில் கைவைத்துப் பழக்கமில்லாதவர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நம் பக்கத்து மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது; கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். குழிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அளவு இறங்கினால் காரணம் அதுதான். தண்ணீர் ஊற்றியும் மாறாவிட்டால் ஜிஐ பைப்பில் கம்பி மாட்டிய கிளாம்ப் துருப்பிடித்து விட்டிருக்கும்; தோண்டிப் பார்த்துச் சுரண்டி இறுக்க வேண்டும். இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு எர்த்தைத் துண்டித்து ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கழற்றுங்கள் என்பதைத் தவிர.

அறிகுறி: பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை

சாக்கெட்டில் வேறு விளக்கைப் போட்டுப் பாருங்கள். பின்பக்க சுவிட்ச் போட்டிருக்கிறதா பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் இது அடிக்கடி நடக்கும். பிறகு 24 பின் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி, மற்றக் கேபிள்களையும் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒரு பழைய ஃபேனை மட்டும் மாட்டுங்கள். பிளக்கைச் செருகுமுன், காகித கிளிப்பை வளைத்து 24 பின்னில் பச்சைக் கம்பியையும் அதன் பக்கத்துக் கறுப்பையும் சேருங்கள். வயர் எல்லாம் கறுப்பாக இருந்தால், எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று குழம்பாமல், எஸ்எம்பிஎஸ் புத்தகத்தில் 16-ஆம் பின் எது என்று பார்த்துச் செய்யுங்கள். பிளக்கைப் போட்டதும் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழுகிறது. மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பு 4.75 முதல் 5.25 வரையும், ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரையும் இருக்க வேண்டும். கிளிப் போடாமலே ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருக்க வேண்டும்; அது இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது.

சுமையில்லாமல் 12.1 காட்டுவதை வைத்து நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. கம்ப்யூட்டரில் மாட்டி, சோதனை ஓடும்போது மஞ்சளில் முனையை வைத்துப் பாருங்கள். 12.1-இலிருந்து 11.9 ஆவது இயல்பு. 11.4-க்குக் கீழே சரிந்தால் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் எண்ணை நம்பாதீர்கள், பல போர்டுகளில் அது சும்மா.

அறிகுறி: ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் இதைப் பார்த்தால் வாட்டை மறந்துவிடுங்கள். பிராசஸர் அருகே உள்ள 4+4 பின் கேபிள் செருகவில்லை, அல்லது மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத பித்தளைத் தூண் ஒன்று முட்டி ஷார்ட் ஆகிறது. கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு ரேம் குச்சியோடு எழுகிறதா பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதைப் பிடியுங்கள்.

மாற்ற முடிவு செய்தால்

நல்ல எஸ்எம்பிஎஸ் மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ கூரியரில் வருவதுதான் இங்கே வழக்கம். திருப்பி அனுப்புவது அலைச்சல், ஆகவே ஆர்டர் போடுமுன் ஐந்து விஷயத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: 12 வோல்ட் ஆம்பியர், உள்ளீடு 100-240, உங்கள் கார்டுக்கு வேண்டிய 8 பின் எத்தனை, வாரன்ட்டி எத்தனை வருடம், அதை எந்த ஊரில் கொடுக்கிறார்கள். 80 பிளஸ் வெண்கலம் வீட்டுக்குப் போதும். தங்கத்துக்குத் தரும் கூடுதல் பணம், நாள் முழுக்க ரெண்டர் போடுபவருக்குத்தான் பில்லில் திரும்பும். சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் ரகம் கிடைத்தால் இந்தக் கரையில் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், ஃபேன் சுற்றாத நேரத்தில் உப்பையும் உள்ளே இழுக்காது. ஃபேன் சுற்றவில்லையே என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பழையது மாடுலர் ரகம் (கேபிள்களைப் பெட்டியிலிருந்து கழற்றி மாட்டக்கூடியது) என்றால் அதன் கேபிள்களையும் சேர்த்தே கழற்றுங்கள். போர்டில் ஏற்கெனவே பதிந்திருக்கிறதே என்று பழைய கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகுவது கேடு. போர்டு பக்கத் தலை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்; எஸ்எம்பிஎஸ் பக்கத் தலையில் எந்தப் பின்னில் 12, எந்தப் பின்னில் 5 என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில நேரம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். 5 போக வேண்டிய இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த நொடியே போய்விடும், அதிலிருந்த போட்டோக்களும் சேர்ந்து.